எந்த நெல்லை அறக்கொட்டி தாக்கியது என்பதையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக நெற்செய்கையில் அறக்கொட்டியின் தாக்கம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகளை ஆண்டுதோறும் தவறாமல் வாசித்து வருபவன் நான். எந்தக் கமநல சேவைப் பிரிவில், எத்தனை ஏக்கரில், எத்தனை நாட் பயிரில் பாதிப்பு ஏற்பட்டது என்ற விபரங்கள் அவற்றில் ஒழுங்காக இடம்பெறுகின்றன. உடனே மருந்து விசிறும்படி ஓர் அறிவுறுத்தலும் கூடவே வருகிறது. ஆனால் தாக்கப்பட்ட நெல் எந்த இனம் என்ற ஒரு சொல்லை மட்டும் நான் அவற்றில் அரிதாகவே கண்டிருக்கிறேன். இது சிறிய விடுபாடாகத் தோன்றலாம். வயலில் அறக்கொட்டி என்றும் அலுவலகத்தில் கபில நிறத் தத்தி என்றும் அழைக்கப்படும் இப்பூச்சியைப் பொறுத்தவரையில், முதலில் எழுத வேண்டிய செய்தியே அதுதான் என்பது என் துணிபு. ஒரு வரம்புக்கு இப்பாலுள்ள நெல்லைக் கருக்கிவிட்டு அப்பாலுள்ள நெல்லை அது விட்டுவைக்குமானால், அதற்கான காரணத்தை நெல்லின் பரம்பரையலகுகளிலேயே (ஜீன்களிலேயே) முதலில் தேட வேண்டும்.

எனது அனுபவத்தைக் கூறிவிடுகிறேன். சென்ற காலபோகத்தில், விதைத்து எழுபத்தைந்தாம் நாளளவில், என் வயலின் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் பயிர் மஞ்சளித்தது. பசளைக் குறைவு என்று எண்ணி, கையிலிருந்த யூரியாவை அந்த இடத்துக்கு வீசினேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் செய்த காரியம் இது. நைதரசன் மிகுந்த பயிரில் அறக்கொட்டி இன்னும் வேகமாகப் பெருகும் என்பது அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. நான்காம் நாள் அந்தப் பாய் ஒரு சூட்டுக் களமளவுக்கு விரிந்திருந்தது. குந்தியிருந்து தூரை விலக்கிப் பார்த்தபோது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, எள்ளளவான கபில நிறப் பூச்சிகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. கை பட்டதும் அவை பறக்கவில்லை. நண்டு நகர்வதுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறத்தில் ஒளிந்தன. விரல்களில் அவற்றின் கழிவு பாணிபோலப் பிசுபிசுத்தது.

வரம்புக்கு அப்பால் அயலவரின் வயல். அங்கும் பூச்சி இல்லாமலில்லை. தூருக்கு இரண்டு மூன்று இருந்தன. பயிரோ பச்சை மாறாமல் நின்று கதிர் முற்றியது. இருவரும் ஒரே கிழமையில், ஒரே மழையை நம்பி, ஒரே மாதிரி மண்ணில் விதைத்தவர்கள். அவருடைய விதைநெல் பெயர் அச்சிட்ட பொதியில் வந்தது. என்னுடையது கடையொன்றில் அவிழ்த்து வைத்த மூட்டையிலிருந்து நிறுத்து வாங்கியது. என்ன நெல் என்று கேட்டபோது, "மூன்றரை மாத நெல், மாஸ்டர்" என்பதே மறுமொழி. அதற்கு மேல் கேட்காமல் வந்தது என் பிழை.

"மூன்றரை மாதம்" என்பது நெல்லின் வயது. நம்மிடையே நெல்லை வயதைச் சொல்லி அழைக்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகும் இனங்களின் இலக்கங்கள்கூட அந்த வழக்கத்துக்கு உதவியாகவே அமைந்துள்ளன. பிஜி 250 என்றால் இரண்டரை மாதம், பிஜி 300 என்றால் மூன்று மாதம், பிஜி 352 என்றால் மூன்றரை. மழையை நம்பி விதைப்பவனுக்கு வயது மிகவும் வேண்டிய தகவல்தான். ஆனால் ஒரே வயதுடைய இரண்டு நெல்லினங்கள் பூச்சியை எதிர்கொள்ளும் விதத்தில் இரவும் பகலும்போல வேறுபடலாம் என்பதை வயது சொல்லாது.

நெல்லைப் போன்ற புல்லினப் பயிர்கள் ஓடவும் ஒளியவும் முடியாத அப்பாவிகள், நாம் மருந்தடித்துக் காப்பாற்றாவிட்டால் அழிந்துபோகும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருப்பதால், இந்த இடத்தில் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். நெல்லின் ஓலையை நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் உருவிப் பார்த்தவர்கள் அதன் அரத்தை அறிவார்கள். அந்த அரம் சிலிக்கா, அதாவது மணலின் பொருள். மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கனை வேர்வழியே அள்ளி ஓலையிலும் தண்டிலும் படிய வைப்பதில் நெல்லுக்கு நிகரான பயிர்கள் குறைவு. அதன் உலர்நிறையில் பத்திலொரு பங்குவரை சிலிக்காவாக இருப்பதுண்டு. அதை உறிஞ்சுவதற்கென்றே வேர்க் கலங்களில் ஒரு புரதம் உள்ளது. அதற்குரிய பரம்பரையலகை யப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். சிலிக்கா செறிந்த தண்டைக் குடைய முயலும் தண்டு துளைப்பான் புழுவின் தாடைப் பற்கள் தேய்ந்து மழுங்கிவிடுவதை உருப்பெருக்கியில் காணலாம் என்பது 1960களிலேயே பதிவான செய்தி. வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்கே திருப்பிக் கொடுத்த நம் முன்னோர் சிலிக்காவை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆயினும் அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான்.

இறுங்கு என்ற சிறுதானியப் பயிர் இன்னொரு வழியைக் கைக்கொள்கிறது. இளம் இறுங்குப் பயிருக்குள் ஆடு மாட்டை விடக்கூடாது என்பது ஊரில் எல்லோரும் அறிந்த எச்சரிக்கை. இளம் இலையின் கலங்களுக்குள் டூரின் என்ற பொருள் ஒரு புறமும், அதை உடைக்கும் நொதியம் மறுபுறமும் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. பூச்சியோ ஆடோ இலையைக் கடித்து நசிக்கும்போது இரண்டும் கலந்து சயனைட்டு வெளியாகிறது. கடிபடாத இலையில் நஞ்சு அடைபட்டே கிடப்பதால் பயிருக்குக் கேடில்லை. டூரினைப் படிப்படியாக ஆக்கும் நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகள், அவற்றைத் தாங்கும் நிறமூர்த்தத்தில் அண்டை வீடுகள்போல அருகருகே அமைந்திருக்கின்றன.

சோளத்திலும் (மக்காச்சோளம்) இதே ஏற்பாடு உண்டு, நஞ்சு மட்டும் வேறு. டிம்போவா எனப்படும் அந்தப் பொருளை ஆக்கும் வழியில் வரும் ஐந்து பரம்பரையலகுகளைச் செருமானிய ஆய்வாளர்கள் 1997இல் வெளிப்படுத்தினார்கள். அவையும் நான்காம் நிறமூர்த்தத்தில் கூட்டமாகவே உள்ளன. முளைத்த சில நாட்களில் இந்த நஞ்சு உச்சத்தில் இருக்கும், பயிர் வளர வளரக் குறையும். அப்படியானால் 2018இல் இலங்கைக்குள் நுழைந்து சோளச் செய்கையைச் சூறையாடிய சேனா படைப்புழுவை அது ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். அப்புழு அமெரிக்கக் கண்டத்தில் சோளத்தோடு கூடவே வாழ்ந்து பழகியது. சோளம் உடைத்து வெளியிடும் நஞ்சைத் தன் குடலில் மீண்டும் வெல்லத்தோடு பிணைத்து, கேடற்ற பொருளாக்கிக் கழித்துவிடும் ஆற்றலைப் பெற்றிருக்கிறது. பயிர் ஒன்றைக் கண்டுபிடித்தால் பூச்சி மற்றொன்றைக் கண்டுபிடிக்கிறது. இதை நாம் நினைவில் வைத்திருந்தால்தான் நெல்லின் கதை விளங்கும்.

அறக்கொட்டி கடித்து மெல்லும் பூச்சியன்று. ஊசிபோன்ற வாயுறுப்பைத் தண்டுக்குள் செலுத்தி, இலையில் ஆக்கிய உணவு வேருக்கும் கதிருக்கும் இறங்கும் உரியம் என்ற இழையத்தைத் தேடி, அதில் நெய்யரிக்குழாய் எனப்படும் உணவுக் குழாயொன்றில் நுனியை வைத்து மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருக்கும். தண்டில் காயம் என்று சொல்லத்தக்க ஒன்றும் வெளியே தெரியாது. இப்படிப்பட்ட திருடனைச் சிலிக்காவாலோ கடிக்கும்போது கலக்கும் நஞ்சாலோ பிடிப்பது கடினம். எதிர்ப்புடைய நெல் அவனை அவனுடைய உமிழ்நீரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. உறிஞ்சுமுன் பூச்சி கலத்துக்குள் விடும் உமிழ்நீரில் பல புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை நெல்லின் குறிப்பிட்ட புரதமொன்று பற்றிக்கொண்டதும் உள்ளே அபாய அறிவிப்பு எழுகிறது, எதிர்ப்பைத் தூண்டும் சலிசிலிக்கமிலம் பெருகுகிறது, நெய்யரிக்குழாயின் துளைகளில் கலோசு என்ற பசைபோன்ற பொருள் படிந்து குழாயை அடைத்துவிடுகிறது. பூச்சி ஊசியைக் குத்தியபடியே பட்டினி கிடக்கிறது. இடம் மாறி மீண்டும் குத்தினாலும் கதை அதுவே. எதிர்ப்பற்ற நெல்லிலும் கலோசு சிறிதளவு படியும். ஆனால் பூச்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அடைப்பு கரைந்து வழி திறந்துவிடுகிறது. என் வயலுக்கும் அயலவரின் வயலுக்கும் இடையில் நான் கண்ட வேறுபாட்டை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இவ்வகைப் பரம்பரையலகுகளுள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது பி.பி.எச். 14 எனப் பெயரிடப்பட்டது (பி.பி.எச். என்பது இப்பூச்சியின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்). சீனாவின் வூகான் பல்கலைக்கழகத்தினர் 2009இல் அதை அறிவித்தார்கள். அது பயிர் நெல்லுக்குக் காட்டு நெல்லொன்றிலிருந்து வந்தது. அதே பரம்பரையலகின் புரதம் பூச்சியின் எந்த உமிழ்நீர்ப் புரதத்தை அடையாளம் காண்கிறது என்பது 2023இல் வெளியானது. அத்துடன் எனக்கு வியப்பூட்டிய இன்னொன்றும் தெரியவந்தது. அபாய அறிவிப்பு நீடித்தால் பயிர் வளராது. ஆகையால் பிடித்த உமிழ்நீர்ப் புரதத்தைக் கலமே சிதைத்து அழித்து, பூச்சி அகன்றதும் எதிர்ப்பைத் தணித்துக்கொள்கிறது. பாதுகாப்புக்கும் விளைச்சலுக்கும் இடையே நெல் இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்க்கிறது. நாம் மருந்துப் போத்தலின் மூடியில் அளக்கும் அளவு அதற்கு முன் எம்மாத்திரம்!

நம் நாட்டு வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி இதற்கு அடுத்தது. பி.பி.எச். 3 என்ற பரம்பரையலகு கிடைத்த நெல்லின் பெயர் ரத்து ஹீனட்டி. சிவந்த சிறுமணி என்று பொருள்படும் பழைய இலங்கை நெல் அது. 2015இல் அதைப் பிரித்தெடுத்த சீன ஆய்வாளர்கள், அது ஒன்றன்று, கலமென்சவ்வில் காவலிருந்து வெளியிலிருந்து வரும் அறிகுறியை உணரும் வாங்கிப் புரதங்களுக்குரிய மூன்று பரம்பரையலகுகளின் தொகுதி என்று கண்டார்கள். ஆசியாவெங்கும் தத்தி பற்றிய ஆய்வுகளில் ரத்து ஹீனட்டி அளவுகோலாக வைக்கப்படுகிறது. அதைப்போலவே பாபாவீ என்ற மற்றொரு இலங்கை நெல்லும், அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7உம், கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33உம் இத்துறையில் நிலைத்த பெயர்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடமிருந்த பல்லாயிரம் நெல்லினங்களைச் சோதித்தபோது தத்திக்கு எதிர்ப்புடையவை மிகச் சிலவே தேறின. தேறியவற்றில் பெரும்பகுதி தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவை. பழைய நெல்லெல்லாம் பூச்சியைத் தாங்கும் என்று மேடைகளில் பேசுவோருக்கு இதில் ஒரு கசப்பான பாதி உண்டு: பழைய நெல்லினங்களிலும் பெரும்பான்மை தாங்காதவையே. எந்தப் பழைய நெல் என்று பெயர் சொல்லிப் பேசினால்தான் பேச்சுக்குப் பொருள் உண்டு. பத்தலகொடையில் 1980 அளவில் பி.டி.பி. 33ஐப் பெற்றார்களில் ஒன்றாகக் கொண்டு உருவாக்கிய பிஜி 379-2, அந்தப் பழைய எதிர்ப்பு நம் வயலுக்கு வந்த வழிகளில் ஒன்று.

எதிர்ப்புடைய ஓர் இனத்தைக் கண்டுபிடித்து எல்லோரும் அதையே விதைத்துவிட்டால் தீர்ந்தது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் 1973இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 என்ற நெல்லினத்தில் பி.பி.எச். 1 என்ற ஒற்றைப் பரம்பரையலகு இருந்தது. அது இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இலட்சக்கணக்கான ஏக்கரில் பரவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாத தத்திகள் பெருகிவிட்டன. 1976இல் ஐ.ஆர். 36 வேறொரு பரம்பரையலகோடு வந்து சில காலம் தாங்கியது. பிறகு 1985இல் வந்த ஐ.ஆர். 64இலும் முதன்மையாக இருந்தது அதே பி.பி.எச். 1தான், ஆயினும் அது ஐ.ஆர். 26ஐக் காட்டிலும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. காரணம், அதனுடன் சிறு சிறு அளவில் எதிர்ப்பைக் கூட்டும் வேறு பரம்பரையலகுகளும் பின்னணியில் இருந்தன. ஒற்றைப் பூட்டுக்குச் சாவி செய்வது பூச்சிக்கு எளிது. நமது பகுதித் தத்திகளைப் பொறுத்தவரையில் நிலைமை இன்னும் ஒரு படி கடினமானது: தென்கிழக்காசியாவில் பயன்பட்ட பி.பி.எச். 1உம் 2உம் தென்னாசியத் தத்திகளிடம் தொடக்கத்திலிருந்தே பலிக்கவில்லை. ஆகையால் வெளிநாட்டில் எதிர்ப்புடையது என்ற சான்றிதழ் ஆனையிறவைத் தாண்டியும் செல்லுபடியாகும் என்று நம்பிவிட முடியாது.

மருந்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும் கூறாமல் இருக்க முடியாது. வயலில் சிலந்திகளும், தத்தியின் முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் நமக்காகக் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. பயிரின் தொடக்கத்திலேயே பரவலாக மருந்தடிக்கும்போது முதலில் சாவன அவைதாம். தத்தியின் முட்டை இலைமடலுக்குள் பத்திரமாக இருந்து பின்னர் பொரிக்கிறது. இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே கட்டளையால் தடைசெய்தது இந்த அனுபவத்தைப் பார்த்துத்தான். எதிர்ப்புடைய நெல்லும் இந்தச் சிலந்திகளும் சேர்ந்தே வேலை செய்பவை. பட்டினியால் மெலிந்து, இடம் மாறி மாறித் திரியும் தத்தி சிலந்தியின் கண்ணில் எளிதில் படும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொன்றுவிட்டு, பிறகு இனம் சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

இனி, தங்களிடம் நான் வேண்டுவது. பூச்சித் தாக்கம் பற்றிய செய்தி வரும்போது, பாதிக்கப்பட்ட வயலின் நெல்லினத்தின் பெயரையும், அருகில் பாதிக்கப்படாமல் நின்ற வயலின் நெல்லினத்தின் பெயரையும் விவசாயிகளிடம் கேட்டு எழுதும்படி தங்கள் பிரதேசச் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள். இரண்டாவது பெயர் முதலாவதைக் காட்டிலும் பயனுடையது. ஐந்தாறு காலபோகங்களில் இப்படிச் சேரும் விபரம் விவசாயப் போதனாசிரியர்களுக்கும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் ஆய்வு செய்யும் இளைஞர்களுக்கும் கையில் ஒரு வரைபடமாக அமையும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நம் நெல்லினங்களை இன்னும் பேணி வருபவர்கள், அவற்றில் தத்தி எவ்வாறு இருந்தது என்பதைத் தூரை விலக்கிப் பார்த்து எழுதினால், அவற்றையும் வெளியிடுங்கள். ரத்து ஹீனட்டியைப் பரம்பரை பரம்பரையாக விதைத்து வந்தவர்களுக்கும் அதற்குள் என்ன இருக்கிறது என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விதைநெல் விற்போர் மூட்டையின் மேல் வயதோடு பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்பதை வாங்குபவர்களாகிய நாம்தான் வற்புறுத்த வேண்டும். பெயர் தெரிந்தால் அயலவர் விதைக்காத ஒன்றை நான் தெரிந்து விதைக்கலாம். ஒரு வெளி முழுவதும் ஒரே பரம்பரையலகை நம்பி நிற்கும் நிலை தவிரும். இப்போதோ ஒரே மூட்டையிலிருந்து அளந்த நெல் எத்தனை பேருடைய வயலில் நிற்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது.

நான் கேட்கும் முறையில் முதற் குறிப்பை நானே எழுதி அனுப்புகிறேன். இடம்: கைதடி. விதைப்பு: ஒக்டோபர் முதற் கிழமை, புழுதி விதைப்பு. தாக்கம் தெரிந்தது: எழுபத்தைந்தாம் நாள். பரப்பு: பத்தில் நான்கு. அருகில் தப்பிய நெல்: அயலவரின் பொதியைக் கேட்டிருக்கிறேன், அவர் அதை மாட்டுக்கொட்டிலின் கூரை ஒழுக்குக்குச் சொருகிவிட்டதாகச் சொன்னார், மழை விட்டதும் எடுத்துப் பார்த்து எழுதுவேன். தாக்கப்பட்ட நெல்லினம்: தெரியாது.

இங்ஙனம்,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
கைதடி, தென்மராட்சி.